வரிசை எண் பிறந்த கதை

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில், மேலே வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த காலை. டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன் மடியில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தான். ரோட்டில் ஏதாவது போனால் தாளில் ஒரு கோடு. நாலு கோட்டை நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்தான். கீரைக்கட்டுக்கு நார் சுற்றியது போல ஒரு கட்டு ஆனது. பிறகு அடுத்த கட்டு.

"என்ன தம்பி கணக்கு?"

"டிராபிக் சென்சஸ் சார். எந்த வண்டி எத்தனை போகுதுன்னு எழுதணும்."

கார், பஸ், லாரி, டிராக்டர், பைக், சைக்கிள், மாட்டு வண்டி என்று தாள் முழுக்கக் கட்டங்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. லாரிக் கட்டத்தில் கோடு விழுந்தது. அதன் பின்னால் தலையில் கடுக்காய் மூட்டையோடு ஒரு அம்மா நடந்து வந்தார். மலையிலிருந்து இறங்கி வந்த களைப்பு காலில் தெரிந்தது. பென்சில் அசையவில்லை.

"அந்த அம்மாவுக்கு?"

பையன் தாளை மேலும் கீழும் பார்த்தான். "நடந்து போறவங்களுக்குக் கட்டம் இல்லை சார்."

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். கேள்வியும் கூடவே ஏறிக்கொண்டது. அந்தக் கட்டங்களை யார் போட்டார்கள்? எந்த ரோடு முதலில், எந்த ரோடு பிறகு என்ற வரிசை எங்கே பிறந்தது?

அது மோட்டார் வண்டியோடு பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியாவில் காரும் லாரியும் பெருகின. மாட்டு வண்டிக்காகக் கப்பி போட்டு இறுக்கிய ரோடுகள் அவற்றின் டயருக்குத் தாங்கவில்லை. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ரோடு மாகாணங்களின் பொறுப்பாகி, அவற்றின் வழியாகப் பெரும்பாலும் ஜில்லா போர்டுகளின் தலையில் விழுந்திருந்தது. போர்டுகளிடம் பணம் இல்லை. 1927-இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரோடு போடுவது இனி மாகாணங்களும் போர்டுகளும் மட்டும் தாங்கக்கூடிய செலவில்லை, ரோட்டைத் தேய்க்கிறவனே அதற்குக் கொடுக்கட்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1929-இல் பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு மத்திய சாலை நிதி என்று ஒரு உண்டியல் வைத்தார்கள். 1934-இல் பொறியாளர்கள் கூடிப் பேச இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வந்தது. கணக்குத் தாளில் எந்த வண்டிக்கு எத்தனை மதிப்பு என்ற பட்டியல் அவர்கள் வெளியிடும் ஏடுகளில்தான் இருக்கிறது.

உண்டியல் வந்துவிட்டால் அடுத்த கேள்வி, அதில் யாருக்கு எவ்வளவு? 1943 டிசம்பரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் நாக்பூரில் கூடினார்கள். போர் முடிந்த பிறகு இருபது ஆண்டுகளில் எவ்வளவு ரோடு, எங்கே என்று கணக்குப் போட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, கிராமச் சாலை என்று இன்று நாம் பழகிப்போன ஐந்து படிகளும் அங்கே உறுதியானவைதான். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும். அது தேசிய நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலையில் பச்சை. கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோட்டில் ஆரஞ்சு. கல்லின் தலையைப் பார்த்தாலே அந்த ரோட்டின் ஜாதகம் தெரிந்துவிடும்: யார் பணம், யார் பராமரிப்பு, குழி விழுந்தால் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்.

நாக்பூரில் பிறந்த பெரிய விஷயம் ஒரு சூத்திரம். 'நட்சத்திரமும் கட்டமும்' என்று பெயர். நம் வாசல் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஊர்கள் புள்ளி, ரோடுகள் கோடு. பெரிய புள்ளிக்கு நிறைய கோடு, சின்னப் புள்ளிக்குக் கொஞ்சம். ஒரு பகுதிக்கு மொத்தம் எத்தனை மைல் ரோடு வேண்டும் என்பதை இந்தச் சூத்திரம் சொன்னது.

அதன் உள்ளே போய்ப் பார்த்தால்தான் சுவாரசியம். முக்கியச் சாலைகளின் கணக்கில் விவசாய நிலம் 5 சதுர மைலுக்கு 1 மைல் ரோடு. விவசாயம் அல்லாத நிலத்துக்கு 20 சதுர மைலுக்குத்தான் 1 மைல். காடும் மலையும் இந்த இரண்டாம் வகை. அதாவது வயலுக்குக் கிடைத்த மதிப்பில் மலைக்குக் கால் பங்கு. இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் புள்ளியாக ஏறின. வந்த தொகையில் ரயில் பாதையின் நீளத்தைக் கழித்தார்கள். சின்ன ஊர்களுக்குத் தனிக் கணக்கு. ஆயிரம் பேருக்கு மேல் இரண்டாயிரம் வரை உள்ள கிராமம் 1 மைல் ரோட்டைக் கூட்டித் தரும். 500-க்கு மேல் ஆயிரம் வரை என்றால் அரை மைல். 500-க்குக் கீழே என்றால் மைலில் ஐந்தில் ஒரு பங்கு.

ஐந்தில் ஒரு பங்கு என்றால் 352 கெஜம், சுமார் 320 மீட்டர். சமவெளியில் இது கணிசம். மெயின் ரோட்டிலிருந்து அம்மன் கோயில் வரை வந்துவிடும். கல்வராயன் மலை ஏறும் ரோட்டில் 320 மீட்டர் என்றால் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பி அடுத்ததைத் தொட்டிருப்போம். ஊர் இன்னும் மேகத்துக்குள் இருக்கும்.

அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சூத்திரம் என்று ஒன்று இல்லாத காலத்தில் ரோடு எப்படிப் போனது என்று யோசிக்க வேண்டும். கலெக்டர் முகாம் போடும் பங்களாவுக்குப் போனது, பட்டாளம் நகரும் வழியில் போனது, போர்டில் செல்வாக்குள்ளவரின் களத்துமேட்டுக்குப் போனது. ஆள் முகம் பார்க்காமல் தலையை எண்ணச் சொன்னது சூத்திரம். அது பெரிய நியாயம். ஆனால் எண்ணுகிறவர் எங்கே நின்று எண்ணுகிறார் என்பதும் கணக்கில் சேரும். நாக்பூர் சூத்திரம் சமவெளியில் நின்று எண்ணியது.

கல்வராயன் மலையோ அப்போது எண்ணுகிறவர் பார்வைக்கே வராத இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் பெயர்களில் மூன்று ஜாகீர்களாக மலை இருந்தது. சாமையும் தினையும் விளைவித்தவர்கள் ஜாகீர்தாரருக்கு வரி கட்டினார்கள். சர்க்காரின் நேரடி நிர்வாகத்துக்குள் மலை முழுமையாக வந்தது 1976-இல்தான். நாக்பூர்த் திட்டம் முடிந்து, அடுத்த திட்டமும் பாதிக்கு மேல் ஓடியிருந்த காலம் அது.

அந்த அடுத்த திட்டம் 1961-இல் தொடங்கிய பம்பாய்த் திட்டம். நாக்பூரில் வைத்த இலக்கை நாடு அதற்குள்ளாகவே தாண்டியிருந்தது. இந்த முறை கேள்வியை மாற்றினார்கள். எத்தனை மைல் ரோடு என்பதோடு, ஒருவர் ரோட்டை அடைய எவ்வளவு தூரம் நடக்கலாம் என்றும் கேட்டார்கள். வளர்ந்த விவசாயப் பகுதியில் எந்தக் கிராமமும் ஜல்லி ரோட்டிலிருந்து 4 மைலுக்கு மேல், ஏதோ ஒரு ரோட்டிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. ஓரளவு வளர்ந்த பகுதிக்கு 8 மைலும் 3 மைலும். வளராத பகுதிக்கு 12 மைலும் 5 மைலும். நடப்பவர் முதல்முறையாகக் கணக்குக்குள் வந்தார், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்ற உச்சவரம்பாக. வசதி குறைந்த இடத்துக்காரருக்கு வரம்பு அதிகம், அவர் கூடுதலாக நடக்கலாம். அந்த 12 மைலையும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். மலையில் எதிர்ச்சரிவு ஊர் கூப்பிடு தூரத்தில் தெரியும். போய்ச்சேர அரை நாள் ஆகும்.

மலை சர்க்காரிடம் வந்த பிறகு பட்டியல் எழுதும் மேசை எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். கல்வராயன் மலையின் ரோடு கடற்கரை ஊர் ஒன்றில் முடிவானது. 1993-இல் மாவட்டம் பிரிந்து மேசை விழுப்புரத்துக்கு நகர்ந்தது. அதுவும் வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பர் 26-ஆம் தேதி தமிழ்நாட்டின் 34-ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி பிறந்தபோது மேசை மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. கல்வராயன் மலைக்கென்று வெள்ளிமலையில் தனித் தாலுகாவும் வந்தது. மனு கொடுக்க ஒரு நாள் கூலியை இழந்தவர்களுக்கு இந்த நகர்தலின் அருமை தெரியும். ஆனாலும் மலை ஒன்று, மாவட்டம் பல. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி. மலைக்குள்ளேயே பக்கத்து ஊருக்குப் போடும் ரோடு இரண்டு மேசைகளில் இரண்டு பட்டியல்களில் உட்கார வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் சூத்திரமும் மாறிக்கொண்டே வந்தது. 1974-இல் தொடங்கிய ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் 'குறைந்தபட்சத் தேவைகள்' என்று ஒரு தலைப்பு வந்தது. எல்லாக் காலத்திலும் போக முடிகிற ரோடு என்பது குடிதண்ணீர், பள்ளிக்கூடம் போல ஓர் அடிப்படைத் தேவை என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். முதலில் 1,500 பேருக்கு மேல் உள்ள கிராமங்கள். பிறகு ஆயிரத்துக்கு மேல் உள்ளவை. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் ஒரே ஊரில் இத்தனை தலை சேராது என்பதால் பல ஊர்களைக் கொத்தாகச் சேர்த்து எண்ணலாம் என்ற யோசனையும் அப்போது வந்தது.

பெரிய மாற்றம் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தோடு வந்தது. அன்றைக்குப் பெட்ரோல், இந்த முறை டீசல் மீதான தீர்வையிலிருந்து பணம். அது எண்ணும் அலகையே மாற்றியது. அதுவரை கிராமம் என்றால் வருவாய்த் துறைக் கிராமம். கிராமத்தின் ஏதோ ஒரு மூலையில் தார் ரோடு தொட்டுவிட்டால் கிராமமே இணைந்ததாகக் கணக்கு. கல்வராயன் மலையில் ஒரு வருவாய்க் கிராமம் என்பது பல சரிவுகளில் சிதறிய குடியிருப்புகளின் கூட்டம். ரோடு தொட்ட மூலைக்கும் கடைசிக் குடிசைக்கும் நடுவே ஓர் ஓடையும் ஒரு காடும் இருக்கும். இந்தத் திட்டம் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பை எண்ணியது. அடுத்தடுத்த குடியிருப்புகளைச் சேர்த்தும் எண்ணலாம்: சமவெளியில் 500 மீட்டர் ஆரத்துக்குள், மலையில் நடைபாதைத் தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். வரைபடத்து நேர்கோட்டை விட்டு, கால் நடக்கிற பாதையை அளந்தார்கள்.

வரிசையும் எழுத்தில் வந்தது. ஒன்றியம் ஒன்றியமாக இருக்கிற ரோடு, இல்லாத ரோடு எல்லாவற்றையும் எழுதி மாவட்ட ஊரகச் சாலைத் திட்டம் தயாராகும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் குறைந்தது ஒரு நல்ல ரோடு கிடைக்கும்படி அதிலிருந்து ஓர் அடிப்படை வலை பிரித்தெடுக்கப்படும். ஆயிரம் பேருக்கு மேல் உள்ளவை முதலில், 500-க்கு மேல் உள்ளவை அடுத்து. மலை மாநிலங்களுக்கும் பாலைவனப் பகுதிகளுக்கும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 போதும் என்று சலுகை கொடுத்தார்கள்.

இங்கேதான் கல்வராயன் மலை தடுக்கி விழுந்தது. தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலம்கூட அறிவிக்கப்படவில்லை. பத்து மாநிலங்களில் உண்டு. ஆந்திரத்தில் உண்டு, நமக்கு இல்லை. ஆக முந்நூறு பேர் உள்ள பழங்குடிக் குடியிருப்பு ஆந்திர அட்டவணைப் பகுதியில் இருந்தால் வரிசையில் நிற்க முடிந்தது. கல்வராயன் மலையில் இருந்தால் 500-க்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மலையும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலைதான். 2023-இல் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்காகப் பிரதமர் ஜன்மன் திட்டம் வந்து நூறு பேர் உள்ள குடியிருப்புக்கும் ரோடு என்றது. ஆனால் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பெயர்தான் உண்டு. மலையாளிகள் இல்லை. ஒரு ரோடு வராததற்குப் பணமோ பாறையோ மட்டும் காரணமில்லை. ஏதோ ஒரு பட்டியலின் அடிக்குறிப்பும் காரணம்.

அடிக்குறிப்பைத் தாண்டி வந்தாலும் காடு இருக்கிறது. காட்டு நிலத்தில் ரோடு என்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசு அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு குறுக்கு வழி திறந்தது: கிராம சபை பரிந்துரைத்தால், ரோடு உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டி, உள்ளூர் அளவிலேயே விடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மலை ரோட்டுக்கு ஓரங்களோடு 6 மீட்டர் அகலம் என்று வைத்தால் நீளம் 1,666 மீட்டர். ஒன்றே முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு மேல் காட்டுக்குள் போகிற ரோடு என்றால் கோப்பு மறுபடி பெரிய ஆபீசுகளுக்கு ஏற வேண்டும்.

புது ரோட்டுக்கு இப்படித் தலைக் கணக்கு என்றால், இருக்கிற ரோட்டை அகலப்படுத்த வண்டிக் கணக்கு. தமிழ்நாட்டில் 1946-இல் தனித் துறையான நெடுஞ்சாலைத் துறையிடம் மாநில, மாவட்டச் சாலைகள். ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையிடம். அகலப்படுத்தும் முன்னுரிமைக்கு டிராபிக் சென்சஸ் முக்கியம். அறுவடைக் காலத்தில் ஒரு தடவை, மந்தமான காலத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் 7 நாள், இரவு பகலாக. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். பஸ்ஸும் லாரியும் 3 கார். சைக்கிள் அரைக் கார். மாட்டு வண்டி 8 கார். அது மெதுவாகப் போய்ப் பின்னால் வருவதையெல்லாம் மறிப்பதால் அவ்வளவு மதிப்பு. ஒருவழித்தட ரோடு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கார் கணக்கு தாங்கும். அதைத் தாண்டினால் அகலமான ரோட்டுக்குத் தகுதி வரும். ரோடு இல்லாத ஊரில் வண்டி போகாது. வண்டி போகாத ஊருக்குக் கணக்குத் தாளில் கோடு விழாது.

வரிசையை மீறி மேலே ஏறும் வழிகளும் உண்டு. 2022-இல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தொகுதியின் முக்கியமான பத்து கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதுவும் ஒரு பட்டியல்தான். 2023-இல் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. ரோடு என்ன ஆயிற்று, பஸ் என்ன ஆயிற்று என்று கேட்டது. எண்பது ஆண்டுச் சூத்திரங்கள் கேட்காத கேள்வி, ஊர் செத்த பிறகு கேட்கப்பட்டது.

பட்டியலில் ஏறிவிட்டால் வந்துவிட்டது என்றும் இல்லை. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07-இல் ஒப்புதல் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் ரயில் ஓடவில்லை. ஒப்புதல் ஒரு பட்டியல், நிதி வேறொரு பட்டியல், நிலம் மூன்றாவது பட்டியல்.

இத்தனை குறை சொன்ன பிறகும் வரிசை எண் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இல்லாவிட்டால் மலைக்கு இப்போது வந்திருப்பதும் வந்திருக்காது. அதன் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: ஒவ்வொரு தடவை சின்ன ஊருக்கு ரோடு வந்தபோதும் அதற்கு முன்பு யாரோ எண்ணும் முறையை மாற்றியிருக்கிறார்கள். மைலை எண்ணியவர்கள் நடையை எண்ணினார்கள். கிராமத்தை எண்ணியவர்கள் குடியிருப்பை எண்ணினார்கள். வரைபடத்துத் தூரத்தை விட்டுப் பாதைத் தூரத்தை அளந்தார்கள். கல்வராயன் மலைக்கு அடுத்து வர வேண்டியது அப்படி ஒரு திருத்தம். பழங்குடிகள் வாழும் மலை என்பதை அட்டவணையில் தேடாமல் தரையில் பார்த்து 250 என்று ஒருவர் எழுத வேண்டும்.

மாலையில் திரும்பும்போது கச்சிராயபாளையத்தில் அதே டீக்கடையில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான், ஷிப்ட் மாறியிருந்தது. கேட்டு வாங்கி, காலைத் தாளைப் பார்த்தேன். கட்டங்களுக்குள் கோடுகள் கட்டுக்கட்டாக நிறைந்திருந்தன. கீழ் ஓரத்தில், எந்தக் கட்டத்திலும் சேராத வெள்ளை இடத்தில், பென்சிலால் ஒரு கட்டும் தனியாக இரண்டு கோடும்.

"இது என்ன தம்பி?"

"தெரியல சார். காலையில இருந்தவன் போட்டிருக்கான். இதைக் கூட்டக் கூடாது."

ஏழு கோடு. அவற்றில் ஒன்று அந்த அம்மாவாக இருக்கலாம்.